படி வேறு, நொடிக்கு எத்தனை படி என்பது வேறு: கூலூமும் ஆம்பியரும்

கோட்டையூர்ப் பக்கம் ஒரு கல்யாண வீடு. விடியற்காலை நாலரை மணி. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற பழைய வீடு. அரை மணி நேரத்துக்குள் அங்கே என் காதில் விழுந்த நாலு பேச்சுகளை அப்படியே தருகிறேன்.

"பின்கட்டுல கரண்டு கம்மியா வருது, பேன் சுத்தவே மாட்டேங்குது."

"ஈரக் கையோட சுவிட்சைத் தொட்டேன், கரண்டு அடிச்சிருச்சு."

"அந்த ரெண்டு கெய்சரும்தான் கரண்டை எல்லாம் குடிக்குது."

"இந்தத் தடவை கரண்டு பில்லு எவ்வளவு வரப்போகுதோ!"

நாலிலும் கரண்டு இருக்கிறது. ஆனால் முதலாவதில் கரண்டு என்றால் வோல்டேஜ். மூன்றாவதில் வாட். நாலாவதில் யூனிட். இரண்டாவதில் மட்டும்தான் கரண்டு உண்மையிலேயே கரண்டு. ஒரே சொல்லை வைத்து நாலு வேலை வாங்குகிறோம். பேச்சுக்கு அது போதும், யாருக்கும் அர்த்தம் புரியாமல் போகவில்லை. ஆனால் போன் பேட்டரி வாங்கும்போதோ, பிளக் எது போடுவது என்று முடிவு செய்யும்போதோ இந்தக் கலப்பு காலை வாருகிறது.

அன்றைக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. அரை மணிக்கு ஒரு தரம் மெயின் எம்சிபி, அதாவது கரண்டு அளவு மீறினால் தானாகவே இணைப்பை வெட்டும் சுவிட்ச், விழுந்துகொண்டே இருந்தது. எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து போர்டு முன்னால் நின்று, வாய்க்குள் ஏதோ கூட்டல் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கைக் கடைசியில் சொல்கிறேன். அவர் எதைக் கூட்டினார் என்பதுதான் முதலில் புரிய வேண்டும்.

அரவை மில்லில் இரண்டு கேள்வி

நெல்லைக் கொட்டிவிட்டு மில் வாயில் நிற்கிறோம். அரிசி கொட்டுகிறது. மில்காரரிடம் இரண்டு விதமாகக் கேட்கலாம். "இதுவரைக்கும் எவ்வளவு விழுந்திருக்கு?" என்று கேட்டால் "நாப்பது படி" என்பார். "எவ்வளவு வேகமா விழுது?" என்று கேட்டால் "நிமிஷத்துக்கு ரெண்டு படி" என்பார்.

முதல் பதில் ஒரு அளவு. இரண்டாவது ஒரு வீதம். 40 படி என்று மட்டும் சொன்னால், அது இருபது நிமிஷத்தில் விழுந்ததா, நாள் முழுக்கச் சொட்டிச் சொட்டி விழுந்ததா, தெரியாது. நிமிஷத்துக்கு 2 படி என்று மட்டும் சொன்னால், மூட்டை நிறைந்ததா இல்லையா, தெரியாது.

மின்சாரத்தில் அரிசியின் இடத்தில் இருப்பது மின்னூட்டம். அதை அளக்கிற படிதான் கூலூம். அந்த மின்னூட்டம் ஓடுகிற வீதம் மின்னோட்டம், அதாவது கரண்டு. அதன் அலகு ஆம்பியர். ஒரு கம்பியின் ஏதாவது ஓர் இடத்தில் நின்று பார்த்தால், நொடிக்கு 1 கூலூம் கடந்து போகிறது என்றால் அங்கே 1 ஆம்பியர் ஓடுகிறது. 5 ஆம்பியர் என்றால் நொடிக்கு 5 கூலூம்.

விஷயம் இவ்வளவுதான். ஆனால் கரண்டு ஒரு பொருள், தண்ணீர் மாதிரி வந்து செலவாகிப் போகிற சரக்கு என்று மனசு அடம்பிடிக்கும். அது பொருளே அல்ல, ஒரு வேகம். வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்கிறோம். அந்த வேகத்தைக் குடத்தில் பிடித்து வைக்க முடியுமா?

படிக்குள் எத்தனை மணி?

படிக்குள் அரிசி மணி இருப்பதுபோல, கூலூமுக்குள் இருப்பவை எலக்ட்ரான்கள். அணுவின் வெளிப்பகுதியில் இருக்கும் துகள் எலக்ட்ரான். செம்பு மாதிரி உலோகங்களில் அவற்றில் சில ஓர் அணுவோடு ஒட்டிக்கொள்ளாமல் கம்பி முழுக்க அலைய முடியும். அதனால்தான் செம்பு மின்சாரத்தைக் கடத்துகிறது, தேக்குமரம் கடத்துவதில்லை.

ஒவ்வொரு எலக்ட்ரானிலும் மிகச் சிறிய, எங்கும் எப்போதும் மாறாத அளவு மின்னூட்டம் இருக்கிறது. 1 கூலூம் சேர வேண்டுமானால் 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்கள் வேண்டும். பட்ஜெட் செய்தியில் லட்சம் கோடி என்று வருமே, அதைப்போல 62 லட்சம் மடங்கு. இதை யாரும் ஒவ்வொன்றாக எண்ணப்போவதில்லை. அரிசியையும் நாம் மணி மணியாக எண்ணுவதில்லை. எட்டுப் படி ஒரு மரக்கால் என்று அளந்து போடுகிறோம். கூலூமும் அந்த வசதிக்கு வந்ததுதான்.

எலக்ட்ரானின் மின்னூட்டத்தை எதிர்க்குறி என்கிறோம், அணுவின் நடுவிலிருக்கும் புரோட்டானுடையதை நேர்க்குறி என்கிறோம். இந்தப் பெயர்களை வைத்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின், 1740-களில். எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பது தெரியவந்ததோ 1897-இல், ஜே. ஜே. தாம்சன் மூலம். நூற்றைம்பது வருஷம் முன்னாலேயே பிராங்க்ளின் ஏதோ ஒன்றை நேர் என்று குறிக்க வேண்டியிருந்தது, குறித்தார். பிற்பாடு பார்த்தால் கம்பியில் ஓடுவது எதிர்க்குறித் துகள். அதனால் படங்களில் கரண்டு அம்புக்குறி ஒரு பக்கம் போகும், எலக்ட்ரான் மறுபக்கம் போகும். மாற்றினால் எல்லாப் புத்தகத்தையும் திருத்த வேண்டும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். கணக்குக்கு ஒரு குறையும் இல்லை.

கூலூம் பெரிசா, சின்னதா?

இதற்கு இரண்டு பதில் உண்டு. இரண்டும் சரி.

பிரெஞ்சுக்காரரான சார்ல்-அகுஸ்தின் கூலூம் 1785-இல் ஒரு மெல்லிய கம்பியில் தொங்கவிட்ட தண்டை வைத்து, மின்னூட்டம் ஏறிய இரண்டு உருண்டைகள் ஒன்றையொன்று எவ்வளவு பலமாகத் தள்ளுகின்றன என்று அளந்தார். அவர் கண்ட விதிப்படி, இரண்டு உருண்டைகளில் ஆளுக்கு 1 கூலூம் ஏற்றி ஒரு மீட்டர் தள்ளி வைத்தால், அவற்றுக்கு இடையிலான விசை சுமார் 9 லட்சம் டன் எடைக்குச் சமம். எந்த உருண்டையும் அதைத் தாங்காது. அவ்வளவு மின்னூட்டத்தை அதில் ஏற்றவும் முடியாது. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டை இழுக்கிறோமே, அந்தச் சீப்பில் இருப்பது ஒரு கூலூமில் கோடியில் ஒரு பங்கு என்கிற ரகம்.

அப்படியானால் இஸ்திரிப்பெட்டி வயரில் நொடிக்கு நாலு கூலூம் ஓடும்போது வீடு ஏன் பிய்த்துக்கொண்டு போகவில்லை? ஏனென்றால் வயரில் எதிர்க்குறி எலக்ட்ரான்கள் எவ்வளவு இருக்கின்றனவோ, அவ்வளவு நேர்க்குறியும் செம்பு அணுக்களில் இருக்கிறது. ஒரு பக்கம் ஓர் எலக்ட்ரான் வெளியேறும்போது மறுபக்கம் இன்னொன்று நுழைகிறது. மொத்தக் கணக்கு எப்போதும் பூஜ்யம். தனியாகப் பிரித்துக் குவித்தால் கூலூம் ஒரு அரக்கன். கூட்டத்தோடு நகரும்போது சாது.

மின்னலை இந்த இடத்தில் சொல்லிவிடலாம். ஒரு மின்னலின் உச்சக் கரண்டு சாதாரணமாக 30,000 ஆம்பியர் வரும். ஆனால் அது கீழே கொண்டுவரும் மொத்த மின்னூட்டம் பெரும்பாலும் ஐந்திலிருந்து இருபது கூலூம்தான். போன் சார்ஜர் 2 ஆம்பியர் தருகிறது என்றால், அதன் வயரில் பத்து நொடியில் 20 கூலூம் கடந்துவிடும். ஒரு மின்னலின் மொத்தச் சரக்கும் நம் தலையணைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. அளவு ஒன்றுதான். அது எவ்வளவு நேரத்தில் போகிறது, எவ்வளவு உந்துதலோடு போகிறது என்பதில்தான் பனைமரம் எரிகிறதா, போன் நிறைகிறதா என்பது.

இதுவரைக்கும்: மின்னூட்டம் ஒரு அளவு, கூலூம் அதன் படி. கரண்டு அது ஓடும் வீதம், ஆம்பியர் அதன் அலகு. படிக்குள் இருக்கும் மணி எலக்ட்ரான்.

எட்டு நாள் பயணம்

சுவிட்சைப் போட்டதும் பல்பு எரிகிறது. ஆகவே எலக்ட்ரான் சுவிட்சிலிருந்து பல்புக்குக் கண்மூடித் திறப்பதற்குள் பறக்கிறது என்றுதான் நானும் கல்லூரிக்குப் போகும்வரை நினைத்திருந்தேன்.

கணக்குப் போட்டால் சிரிப்பு வரும். எலக்ட்ரீசியன்கள் 1 ஸ்கொயர் என்கிறார்களே, குறுக்குவெட்டு ஒரு சதுர மில்லிமீட்டர் உள்ள செம்பு வயர், அதில் 1 ஆம்பியர் ஒரே திசையில் ஓடினால், எலக்ட்ரான்களின் சராசரி நகர்வு நொடிக்கு 0.07 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் போக நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முகப்பிலிருந்து பின்கட்டுக்கு 50 மீட்டர் என்று வைத்தால் எட்டு நாள். சுவரில் ஊரும் எறும்பு போய்த் திரும்பி வந்து ஒரு தூக்கமும் போட்டிருக்கும்.

பிறகு எப்படி உடனே எரிகிறது? தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருக்கும் குழாயில் இந்த முனையில் பைப்பைத் திறந்தால், அந்த முனையில் உடனே கொட்டும். கொட்டுவது இப்போது உள்ளே நுழைந்த தண்ணீர் அல்ல, முனையில் காத்திருந்த தண்ணீர். வயரும் எலக்ட்ரான்களால் எப்போதும் நிறைந்தே இருக்கிறது. நகரச் சொல்லும் தூண்டுதல் மட்டும் நொடிக்கு லட்சக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. எலக்ட்ரான் கூட்டம் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் அசையத் தொடங்குகிறது.

நம் வீட்டு மின்சாரத்தில் இன்னொரு வேடிக்கை. அது மாறுதிசை மின்னோட்டம். நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக அலைகிறது. அதே வயர், அதே 1 ஆம்பியர் என்றால் எலக்ட்ரான் அப்படியும் இப்படியும் அசையும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மின்நிலையத்திலிருந்து ஓர் எலக்ட்ரானும் நம் வீட்டுக்கு வருவதில்லை. வயரில் இருப்பவை நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கின்றன.

அப்பத்தா கேட்டது

இதை ஒருமுறை வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது, முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்த அப்பத்தா நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "ஏப்பா, ஒண்ணும் வரலைங்கிற. வந்ததும் திரும்பிப் போயிருதுங்கிற. அப்புறம் எதுக்குடா நம்ம பணம் கட்டுறோம்?"

இதைவிட நல்ல கேள்வியை நான் வகுப்பில்கூடக் கேட்டதில்லை.

செக்கைப் பாருங்கள். மாடு சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. சாயங்காலம் மாடு குறைந்துவிடவில்லை, அதே மாடுதான் நிற்கிறது. ஆனால் எள் எண்ணெயாகிவிட்டது. செலவானது மாடு அல்ல, மாட்டின் உழைப்பு. வயரில் எலக்ட்ரான் அந்த மாடு. பேஸ் வயரில் எத்தனை ஆம்பியர் போகிறதோ, நியூட்ரலில் அத்தனையும் திரும்பி வருகிறது. பல்பு கரண்டைத் தின்பதில்லை. தள்ளிவிடப்படும் கூலூம்கள் வழியில் விட்டுப்போகும் உழைப்பைத்தான் அது எடுத்துக்கொள்கிறது.

அந்த உழைப்பின் பெயர் ஆற்றல். அதை ஜூல் கணக்கில் அளக்கிறோம். 100 கிராம் எடையை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஆகும் வேலை ஏறக்குறைய 1 ஜூல். ஒவ்வொரு கூலூமும் எத்தனை ஜூல் வேலை செய்யும் என்பதுதான் மின்னழுத்தம், அதாவது வோல்ட். 230 வோல்ட் என்றால் ஒரு கூலூமுக்கு 230 ஜூல். பின்கட்டுப் பேன் மெதுவாகச் சுற்றியது இது குறைந்ததால்தான்: கூலூமுக்கு 230 ஜூல் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் மாட்டுக்குத் தெம்பில்லை என்று பொருள்.

கூலூமுக்கு இத்தனை ஜூல், நொடிக்கு இத்தனை கூலூம். இரண்டையும் பெருக்கினால் நொடிக்கு இத்தனை ஜூல். அதுதான் மின்திறன், அதன் அலகு வாட். திருப்பிப் போட்டால் எந்தச் சாமானின் ஆம்பியரும் கிடைத்துவிடும்: வாட்டை 230-ஆல் வகுக்க வேண்டியதுதான். 9 வாட் எல்இடி பல்பு 0.04 ஆம்பியர். 75 வாட் பேன் 0.33. 1000 வாட் இஸ்திரிப்பெட்டி 4.3. 2000 வாட் கெய்சர் 8.7. மோட்டார் உள்ள சாமான்களில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும், அதை இங்கே விட்டுவிடலாம். 5 ஆம்பியர் பிளக் சின்னதாகவும் 15 ஆம்பியர் பிளக் தடித்தும் ஏன் இருக்கின்றன என்பதற்கு இதுவே பதில். கெய்சரைச் சின்ன பிளக்கில் செருகினால் அந்தக் குச்சிகள் தாங்குகிற வீதத்துக்கு மேல் ஓடுகிறது, உருகுகிறது. கரண்டு இரண்டு மடங்கானால் வயரில் சூடு நாலு மடங்காகும்.

அப்புறம் அந்தப் பில். 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட், அதாவது 36 லட்சம் ஜூல். ரீடிங் எடுப்பவர் குறிப்பது இந்த ஆற்றலைத்தான். கூலூமும் இல்லை, ஆம்பியரும் இல்லை. இதைக் கிலோவாட் மணி என்பார்கள். சிலர் மணிக்கு இத்தனை கிலோவாட் என்று சொல்லிவிடுகிறார்கள். மில்லில் 40 படி விழுந்தது என்பதை மணிக்கு 40 படி என்று சொல்வது போன்ற பிழை அது.

முப்பது மில்லி ஆம்பியர் கணக்குப்பிள்ளை

போனதெல்லாம் திரும்ப வர வேண்டும் என்றேன் அல்லவா, அதை வைத்து ஓர் உயிர்காக்கும் சாதனமே செய்திருக்கிறார்கள். போர்டில் எம்சிபிக்குப் பக்கத்தில், டெஸ்ட் என்று ஒரு சின்னப் பொத்தானோடு இருக்கும். ஆர்சிசிபி என்பார்கள்.

எங்கள் பக்கத்துப் பழைய கடைகளில் கணக்குப்பிள்ளைகள் வரவும் பற்றும் பேரேட்டில் எழுதி ஐந்தொகை போட்டுப் பார்ப்பார்கள். ஒரு காசு இடித்தாலும் விளக்கை அணைக்க மாட்டார்கள். ஆர்சிசிபி செய்வது அதே வேலை. பேஸில் போன கரண்டையும் நியூட்ரலில் திரும்பியதையும் ஓயாமல் ஒப்பிடுகிறது. சமமாக இருந்தால் சும்மா இருக்கும். 30 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் 30 பங்கு குறைந்தால், அது வேறு வழியில் கசிகிறது என்று பொருள். அந்த வேறு வழி ஒரு மனிதரின் உடம்பாக இருக்கலாம். கண் இமைப்பதற்குள் இணைப்பை வெட்டிவிடும்.

ஏன் 30? உடம்பு வழியாக 1 மில்லி ஆம்பியர் போனால் சுருக்கென்று தெரியும். 10-ஐத் தாண்டினால் கைத் தசை இறுகிப் பிடித்ததை விட முடியாமல் போகலாம். ஷாக் அடித்தவர்கள் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு என்பார்களே, மின்சாரம் ஆளை இழுக்கவில்லை, அவருடைய தசைதான் பிடியைத் தளர்த்த மறுத்தது. 30-க்கு மேல் சில நொடிகள் நீடித்தாலே மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. 7 வாட் எல்இடி பல்பு ஒன்றில் ஓடும் அளவுதான் அது. ஈரக் கை ஏன் மோசம் என்றால், ஈரத்தில் தோலின் தடுப்பு குறைந்து, அதே 230 வோல்ட் கூடுதல் ஆம்பியரைத் தள்ளிவிடுகிறது.

எம்சிபி வேறு, இது வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். எம்சிபியும் பழைய பீங்கான் பியூஸும் வயரைக் காப்பாற்றுகின்றன, ஆளை அல்ல. 25 ஆம்பியர் எம்சிபிக்கு 0.1 ஆம்பியர் கண்ணிலேயே படாது. மனிதருக்கோ அது மரணம். தேக்குப் பட்டைக்குள் வயர் ஓடும் வீடுகளில் எம்சிபி மாற்றியாச்சு, இனி பயமில்லை என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

டெஸ்டரும் இந்தக் கதையில் சேரும். அதன் பின்முனையில் விரல் வைத்தால்தான் உள்ளே இருக்கும் சின்ன விளக்கு எரியும். ஆமாம், அந்தக் கரண்டு உங்கள் உடம்பு வழியாகத்தான் போகிறது. கைப்பிடிக்குள் இருக்கும் ஒரு தடை அதை மில்லி ஆம்பியரில் கால் பங்குக்கும் கீழே அடக்கி வைத்திருக்கிறது.

சார்ஜ் ஏறுவது என்றால்

மின்னூட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் சார்ஜ். போனிலும் சார்ஜ் ஏற்றுகிறோம். இரண்டும் ஒன்று என்று நினைத்தால் அங்கேதான் சறுக்கல். போனை முழுக்க ஏற்றினாலும் அதற்குள் ஒரு கூலூம்கூட மிச்சமாகத் தங்குவதில்லை. ஒரு முனையில் போனது மறுமுனையில் வெளியே வந்துவிடுகிறது. போகிற போக்கில் உள்ளே வேதிமாற்றம் செய்துவிட்டுப் போகிறது. அந்த மாற்றத்தில்தான் ஆற்றல் தங்குகிறது. செக்குமாடுதான் மறுபடியும்.

பேட்டரியில் 5000 எம்ஏஎச் என்று எழுதியிருப்பது மில்லி ஆம்பியர் மணி. வீதத்தை நேரத்தால் பெருக்கியிருக்கிறார்கள், ஆகவே கிடைப்பது ஒரு அளவு: மின்னூட்டம். 5 ஆம்பியர் ஒரு மணி நேரம், அதாவது 3600 நொடி ஓடினால் 18,000 கூலூம். பேட்டரி காலியாவதற்குள் அத்தனை கூலூமைச் சுற்றி அனுப்ப முடியும் என்று அதற்கு அர்த்தம்.

பவர் பேங்க் வாங்கியவர்கள் ஏமாந்துவிட்டதாகப் புலம்புவது இதனால்தான். 10,000 போட்டிருக்கிறது, 5000 போனை இரண்டு தடவை ஏற்ற முடியவில்லை. பவர் பேங்கின் உள்ளே பேட்டரி 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட். ஒவ்வொரு கூலூமும் கூடுதல் ஜூலோடு வெளியேற வேண்டும் என்றால் குறைந்த கூலூம்தான் வெளியேற முடியும். 10,000 அங்கே 7,400 ஆகிவிடும். சூடாக வீணாவது தனி. விற்றவர் எண்ணிக்கையைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் எந்த வோல்டில் என்பதைச் சின்ன எழுத்தில்.

வெள்ளியை நிறுத்து ஆம்பியரைக் கண்டது

வீதத்தை எப்படி அளப்பது? 1881-இல் பாரிசில் கூடிய மாநாடு ஆம்பியர், கூலூம், வோல்ட் என்று பெயர்களை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரு ஆம்பியர் என்றால் எவ்வளவு என்று உலகத்தில் எந்த ஊர்க்காரருக்கும் செய்து காட்ட ஒரு வழி வேண்டுமே. கண்டுபிடித்த வழி அழகானது: முலாம் பூசுவது. வெள்ளி உப்புக் கரைசலில் கரண்டு செலுத்தினால் வெள்ளி படியும். எத்தனை கூலூம் போனதோ அதற்கு நேர்விகிதத்தில் படியும், இது மைக்கேல் பாரடே கண்டது. ஆகவே நொடிக்கு 0.001118 கிராம் வெள்ளியைப் படிய வைக்கும் கரண்டு 1 ஆம்பியர் என்று 1908-இல் உலக அளவில் வகுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு நாலு கிராம் வெள்ளி. தராசு இருந்தால் போதும், ஆம்பியரை நிறுத்துவிடலாம்.

கரண்டும் கரைசலும் சந்திக்கும் இந்த இயலுக்கு மின்வேதியியல் என்று பெயர். அதற்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் எங்கள் காரைக்குடியில் இருக்கிறது. ஊரில் சிக்ரி என்றால்தான் தெரியும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் சமயத்தில் திறந்தது. முலாம், துரு, பேட்டரி எல்லாமே அங்கே ஆராய்ச்சிப் பொருள்.

அடிக்கல் நாட்டிய அதே 1948-இல் ஆம்பியரின் வரையறையும் மாறியது. கரண்டு ஓடும் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கும் அல்லது தள்ளும் என்று ஆந்த்ரே-மாரி ஆம்பியர் 1820-இலேயே காட்டியிருந்தார். அந்த விசையை வைத்து வரையறுத்தார்கள். 2019 மே 20 முதல் அதுவும் இல்லை. எலக்ட்ரானின் மின்னூட்டம் சரியாக 1.602176634 × 10⁻¹⁹ கூலூம் என்று நிரந்தரமாக முடிவு செய்துவிட்டார்கள். அதாவது, படி என்பது எவ்வளவு என்று இத்தனை காலம் பாத்திரத்தை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், இனி இத்தனை மணி அரிசி என்றால் ஒரு படி என்று எண்ணிக்கையாலேயே சொல்கிறார்கள். வீட்டு மீட்டரில் ஒரு வித்தியாசமும் தெரியாது. எனக்கு மட்டும் இதில் ஒரு தனி திருப்தி.

போர்டு முன்னால் போட்ட கணக்கு

இனி அந்த எலக்ட்ரீசியன் அண்ணன். மெயின் எம்சிபி 25 ஆம்பியர். அவர் வீட்டைச் சுற்றி வந்து எண்ணியது இது: விருந்தாளிகள் வரிசையாகக் குளிக்க இரண்டு கெய்சர், 17.4. பாலுக்கும் காப்பிக்கும் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, 8.7. பட்டுப்புடவைக்காக இஸ்திரிப்பெட்டி, 4.3. முற்றத்தில் 500 வாட் போகஸ் லைட் இரண்டு, 4.3. சட்னிக்கு மூன்று கிரைண்டர், 2. பல்பும் பேனும் சேர்க்காமலே 36.7.

எம்சிபி உடனே ஏன் விழவில்லை என்றால் அதற்குக் கொஞ்சம் பொறுமை உண்டு. தாங்கும் அளவுக்குச் சற்று மேலே போனால் உள்ளே ஓர் உலோகத் தகடு மெல்லச் சூடாகி வளைந்து, அப்புறம்தான் வெட்டும். பல மடங்கு ஏறினால் நொடியில் வெட்டும். அரை மணிக்கு ஒரு தரம் விழுந்தது அந்தத் தகடு வளைய எடுத்த நேரம்.

"ரெண்டு கெய்சரையும் நிப்பாட்டுங்க. வெந்நீரை விறகு அடுப்புல போட்டுக்கலாம்," என்றார். 36.7-இல் 17.4 போனால் 19.3. சுவிட்சை மேலே தள்ளினார், நின்றது. பின்கட்டில் கரி படிந்த பெரிய அண்டாவைத் தூக்கி அடுப்பில் வைத்தார்கள். வளவில் உட்கார்ந்திருந்த அப்பத்தா குரல் கொடுத்தார்:

"என்னப்பா, கரண்டு வந்துருச்சா?"